லூகாஸ் எம்418ஜி செல்ஃப் மோட்டாருக்கான பிரஷ்-புஷ் கிட்: பிரஷ் அருமை, புஷ்ஷை அளந்த பிறகே அடிக்கவும்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். பழைய பிரிட்டிஷ் கார்களின் லூகாஸ் எம்418ஜி செல்ஃப் மோட்டாருக்கான இந்தக் கிட்டை, அதிலுள்ள நான்கு கார்பன் பிரஷ்ஷுக்காகவே (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் துண்டுகள்) வாங்கலாம். ஷாஃப்ட் சுழலும் வெண்கல வளையங்களான இரண்டு புஷ்ஷும் மோசமில்லை, ஆனால் பையிலிருந்து எடுத்த கையோடு தட்டி ஏற்றிவிடக் கூடியவை அல்ல. அளந்து பார்க்க வேண்டும், எண்ணெயில் ஊற வைக்க வேண்டும், சரியான தடி கொண்டு அழுத்தி ஏற்ற வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவருக்கு இது நல்ல பொருள். அவசரக்காரர் கையில் அதே கிட் ஆறு மாதம்கூடத் தாங்காது, பழியும் கிட்டின் மேல்தான் விழும்.

பையில் இருப்பவை மொத்தம் ஆறு: நான்கு பிரஷ், கம்யூட்டேட்டர் (பிரஷ் தொடும் செம்புப் பகுதி) பக்கப் புஷ் ஒன்று, பினியன் (எஞ்சினைத் திருப்பும் சிறு பல்சக்கரம்) பக்கப் புஷ் ஒன்று. பிரஷ்ஷை அழுத்தும் ரிப்பன் சுருள் வில் கிடையாது. பினியனை நகர்த்தும் பெண்டிக்ஸ் சாமான், அதன் தலைவில், அதைப் பிடிக்கும் வளையமான சர்க்ளிப் எதுவும் கிடையாது. விளக்கத் தாளும் இல்லை. கடைசிக் குறை பெரிய குறை. ஏன் என்பது புஷ் பகுதிக்கு வரும்போது தெரியும்.

வாங்குமுன் மோட்டாரின் உடலைத் துடைத்து, அதில் அடித்திருக்கும் மாடல் எழுத்தைப் படித்துக்கொள்ளுங்கள். லூகாஸின் பழைய செல்ஃப் மோட்டார்கள் வெளிப்பார்வைக்கு அண்ணன் தம்பி போலிருக்கும். மாரிஸ் மைனர், மினி போன்ற சிறிய எஞ்சின்களில் வந்தது எம்35ஜி, உடல் விட்டம் ஏறத்தாழ 3½ அங்குலம். 1962-ல் வந்த எம்ஜிபி என்ற ஸ்போர்ட்ஸ் காரின் தொடக்க வண்டிகளில் இருப்பது எம்418ஜி, அது 4⅛ அங்குலம். எம்ஜிபி-யிலேயே பிற்கால வண்டிகளில் 2எம்100 என்ற வேறு வகை மோட்டார். அதில் சாலினாய்டு (மோட்டாருக்கு மின்னோட்டத்தை விடும் சுவிட்ச்) மோட்டாரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். பினியனை நெம்புகோல் தள்ளும். கம்யூட்டேட்டர் உருளையாக இல்லாமல் தட்டையான முகமாக இருக்கும். மூன்றின் பிரஷ்ஷும் ஒன்றுக்கொன்று சேராது. வண்டியின் ஆண்டை மட்டும் சொல்லி வாங்கினால் ஏமாற நேரும், ஏனென்றால் இத்தனை வருடத்தில் மோட்டாரையே மாற்றியிருப்பார்கள்.

பாசிடிவ் எர்த் வண்டிக்கு (பேட்டரியின் பாசிடிவ் முனையை வண்டி உடலோடு இணைத்தது) வேறு கிட் தேவையா என்று பலர் குழம்புகிறார்கள். தேவையில்லை. இது சீரிஸ் முறையில் சுற்றிய மோட்டார். துருவத்தை மாற்றினால் அசையாமல் நிற்கும் ஃபீல்டு காயிலிலும் சுழலும் ஆர்மேச்சரிலும் மின்னோட்டம் ஒருசேரத் திரும்பிவிடும், சுழலும் திசை மாறாது. பாசிடிவ் எர்த்தை நெகடிவாக மாற்றிய வண்டியிலும் அதே மோட்டார், அதே பிரஷ்.

கழற்றுவதற்கு முன்

செல்ஃப் மந்தமாக இழுத்தால் உடனே மோட்டாரைப் பிரிக்கப் போகாதீர்கள். இக்னிஷன் காயிலின் இணைப்பைக் கழற்றிவிட்டு, வோல்ட் மீட்டரை பேட்டரி முனைகளில் வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நல்ல 12 வோல்ட் பேட்டரி அந்த நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை மோட்டார் உடலிலும் வைத்து அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நோய் எர்த் பட்டையில். சாலினாய்டின் இரண்டு தடித்த முனைகளுக்கு இடையிலும் அதே சோதனை. எம்418ஜி-க்குச் சாலினாய்டு தனியாக இருக்கும். அதன் உள்ளே செம்புத் தொடுமுனை கருகினால் புதிய பிரஷ் எதுவும் செய்ய முடியாது. எம்ஜிபி-யின் பழைய வண்டிகளில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளை இருக்கைக்குப் பின்னால் வைத்துத் தொடராக இணைத்திருப்பார்கள். இரண்டையும் இணைக்கும் அந்தக் குட்டைக் கேபிளின் முனைகள்தான் யாரும் கவனிக்காத இடம்.

மோட்டார்தான் குற்றவாளி என்றால் அதன் சத்தமே பாதியைச் சொல்லிவிடும். சாலினாய்டு 'டக்' என்கிறது, மோட்டார் அசையவில்லை, உடலைத் தட்டினால் சுற்றுகிறது: பிரஷ் தேய்ந்து வில் அதை எட்டி அழுத்தவில்லை. எஞ்சின் சூடானதும் மட்டும் இழுவை குறைகிறது, உள்ளே உரசல் ஒலி கேட்கிறது: புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் இறங்கி, அதைச் சுற்றியுள்ள காந்த முகமான போல் ஷூவில் உரசுகிறது. மோட்டார் விர்ரென்று சுழல்கிறது, எஞ்சின் திரும்பவில்லை: பினியன் திருகு ஸ்லீவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டுக்கு இந்தக் கிட் மருந்து. மூன்றாவதற்கு மண்ணெண்ணெயும் தேய்த்துக் கழுவும் தூரிகையும் போதும், கிட் வாங்கவே வேண்டாம்.

பிரஷ்

இந்தக் கிட்டின் பலம் இங்கேதான். செல்ஃப் மோட்டாரில் 12 வோல்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்கிறது. ஆகவே பிரஷ்ஷில் செம்பு நிறைய இருக்க வேண்டும். வெறும் கரியாக இருந்தால் வோல்ட்டேஜ் பிரஷ்ஷிலேயே கரைந்துபோகும். இந்தப் பிரஷ்களை விளிம்பில் லேசாகச் சுரண்டினால் செம்பின் மினுக்கு தெரிகிறது. பின்னல் கம்பி பிரஷ்ஷின் உடலில் இறுகப் பதிந்திருக்கிறது, இழுத்தால் ஆடவில்லை. தொடும் முகம் கம்யூட்டேட்டரின் வளைவுக்கேற்ப முன்கூட்டியே குடைந்து வந்திருக்கிறது. ஆகவே தேய்த்துப் பொருத்தும் வேலை மிச்சம்.

நான்கில் இரண்டு எர்த் பிரஷ், அவற்றின் கம்பி குட்டை. கம்யூட்டேட்டர் பக்க மூடியிலுள்ள பிரஷ் பெட்டிகளோடு சேர்ந்த காதில் இவற்றைப் பற்றவைக்க வேண்டும். மற்ற இரண்டும் ஃபீல்டு காயிலோடு சேர்பவை, கம்பி நீளம். இவற்றை இடம் மாற்றிவிட்டால் குட்டைக் கம்பி பிரஷ்ஷைப் பிடித்து இழுக்கும். புதிதில் ஒன்றும் தெரியாது. பிரஷ் தேயத் தேயக் கீழே இறங்க இடமில்லாமல் தொங்கி நிற்கும். நீளக் கம்பிக்கு மேல் காப்பு உறை போட்டு வரவில்லை என்பது ஒரு குறை. கண்ணாடி நார் உறையைத் தனியாக வாங்கிப் பற்றவைக்குமுன் மாட்டிவிடுங்கள். மாட்டாமல் விட்டால் கம்பி ஒருநாள் உடலைத் தொடும். தொட்டால் நேரே பேட்டரி ஷார்ட்.

பழைய பிரஷ் 5/16 அங்குலத்துக்கு, அதாவது 8 மி.மீ.க்கு இறங்கியிருந்தால் மாற்றும் காலம். நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பற்றவைப்பதில்தான் வேலை கெடுகிறது. ரேடியோ வேலைக்கு வைத்திருக்கும் 25 வாட் சாலிடரிங் அயர்ன் இங்கே உதவாது. தடித்த செம்புப் பட்டை சூட்டையெல்லாம் குடித்துவிடும். மேலே ஈயம் உருகி ஒட்டியது போலிருக்கும், உள்ளே பிடித்திருக்காது. 100 வாட்டுக்கு மேல் உள்ள, முனை கனமான அயர்ன் வேண்டும். குங்கிலிய ஃப்ளக்ஸ் மட்டுமே போடுங்கள், அமில ஃப்ளக்ஸ் நாளடைவில் பின்னலை அரித்துவிடும். பற்றவைக்கும் இடத்துக்குச் சற்று மேலே பின்னல் கம்பியை மூக்குக் குறடால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உருகிய ஈயம் திரியில் எண்ணெய் ஏறுவது போலப் பின்னலில் ஏறும். ஏறிய நீளம் முழுவதும் கம்பி விறைத்துப்போகும், விறைத்த கம்பி பிரஷ்ஷைப் பெட்டிக்குள் நகர விடாது. 'புது பிரஷ் போட்டும் சரியாகவில்லை' என்ற புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே காரணம்.

பெட்டிக்குள் பிரஷ் தங்குதடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும். பெட்டியைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடையுங்கள். அப்போதும் இறுக்கமென்றால் பிரஷ்ஷின் பக்கங்களை மென்மையான அரத்தால் ஓரிரு இழுப்பு இழுத்தால் போதும், தொடும் முகத்தில் அரம் படக் கூடாது. வில் நீலம் பாரித்திருந்தால் சூட்டில் வலுவிழந்திருக்கிறது என்று பொருள். கிட்டில் வில் இல்லாததால் தனியாகத் தேட வேண்டியிருக்கும். கொக்கித் தராசால் வில்லைத் தூக்கிப் பார்த்து, நான்கும் ஒரே இழுவையில் இருக்கிறதா, உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

கம்யூட்டேட்டர் பற்றி ஓர் எச்சரிக்கை. டைனமோவில் செய்யும் பழக்கத்தில் செம்புக் கட்டைகளுக்கு இடையிலுள்ள மைக்காவைப் பள்ளமாக வெட்டிவிடாதீர்கள். லூகாஸ் செல்ஃப் மோட்டாரில் மைக்காவைக் குறைக்கக் கூடாது என்பது தயாரிப்பாளரின் விதி. செம்பு கலந்த பிரஷ்ஷின் தூள் அந்தப் பள்ளத்தில் அடைந்தால் கட்டைகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும். அழுக்கு மட்டும் என்றால் பெட்ரோல் துணி போதும். லேசான கருமைக்குக் கண்ணாடித் தாள். எமரி தாள் வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்து பிரஷ்ஷை அறுக்கும். வரி விழுந்திருந்தால் லேத்தில் வேகமாகச் சுழற்றி மெல்லிய வெட்டாகக் கடைசல் பிடிக்க வேண்டும். கட்டைகளோடு சேரும் இடத்தில் கம்பிகள் மேலெழும்பியிருந்தாலோ, உடலின் உட்புறம் ஈயத் துளிகள் தெறித்திருந்தாலோ, கிட்டை அப்படியே பையில் போட்டுவிடுங்கள். எஞ்சின் பிடித்த பிறகும் செல்ஃபை விடாமல் அழுத்தி, ஆர்மேச்சர் அளவுக்கு மீறிச் சுழன்றதன் அடையாளம் அது. ஆர்மேச்சரே மாற வேண்டும்.

புஷ்

இந்த மோட்டாரில் பினியன், மூடிக்கு வெளியே ஆதாரமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கிறது. பல் சக்கரத்தில் மோதும்போது வரும் பக்கவாட்டுத் தள்ளல் முழுவதையும் பினியன் பக்கப் புஷ் ஒன்றே தாங்குகிறது. அதனால் அது வட்டமாகத் தேயாது, முட்டை வடிவில் தேயும். கம்யூட்டேட்டர் பக்கப் புஷ் நன்றாக இருக்கும்போதே இது போயிருக்கும். ஷாஃப்ட்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் மாற்ற வேண்டியதுதான்.

புஷ் நுண்துளைகள் நிறைந்த வெண்கலம். தன் உடலில் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் கசியவிட வேண்டியது. கிட்டில் வந்தது உண்மையிலேயே அந்த வகையா, கடைந்தெடுத்த சாதாரண வெண்கலமா என்று பார்க்க எளிய வழி உண்டு. புஷ்ஷின் ஒரு வாயைக் கட்டைவிரலால் அடைத்து, எண்ணெய் நிரப்பி, மறுவாயை இன்னொரு கட்டைவிரலால் அழுத்துங்கள். வெளிச்சுவரில் எண்ணெய் வியர்வை போலப் பொட்டுப்பொட்டாகத் துளிர்க்க வேண்டும். இந்தப் புஷ்கள் துளிர்த்தன, அதில் முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஆனால் பையில் வருவது காய்ந்த நிலையில். சுத்தமான எஞ்சின் ஆயிலில் 24 மணி நேரம் முழுக வைக்க வேண்டும். அவசரமென்றால் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் ஆயிலில் 2 மணி நேரம் வைத்து, அந்த ஆயிலிலேயே ஆற விட்டு எடுக்கலாம். பையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதைத்தான் பெரிய குறை என்று தொடக்கத்தில் சொன்னது. காய்ந்த புஷ்ஷை அப்படியே ஏற்றி மேலே நாலு சொட்டு விட்டால் அது ஷாஃப்ட்டைத் தின்னும். ஷாஃப்ட் போனால் எந்தக் கிட்டும் அதைத் திருப்பித் தராது. கிரீஸ் தடவுவதும் தவறு, அது துளைகளை அடைத்துவிடும்.

இன்னொரு சிக்கல் உள்விட்டம். புஷ் மூடிக்குள் அழுந்தி ஏறும்போது அதன் உள்விட்டம் சற்றுச் சுருங்கும். சுருங்கிய பிறகு ஷாஃப்ட் சரியாக நுழையும் அளவில் அது செய்யப்பட்டிருக்க வேண்டும். ரீமர் விட்டுப் பெரிதாக்கினால் துளைகளின் வாய்கள் உலோகத்தால் மெழுகப்பட்டு எண்ணெய் கசிவது நின்றுவிடும். ஆகவே ரீமர் கூடாது, உப்புத்தாளும் கூடாது. இதற்கு மாற்று, தோள் வைத்த ஒரு தடி. ஷாஃப்ட்டின் விட்டத்தில் கடைந்து பளபளப்பாக மெருகிட்ட முனையைப் புஷ்ஷுக்குள் விட்டு, தோள் புஷ்ஷின் விளிம்பில் உட்காரும்படி வைத்து, பிரஸ்ஸிலோ பெரிய வைஸிலோ நேராக அழுத்த வேண்டும். உள்ளே தடி நிற்பதால் புஷ் அதைவிடச் சுருங்க முடியாது. சுத்தியலால் அடித்தால் விளிம்பு நசுங்கி உள்வாய் கோணும்.

கிட்டின் கம்யூட்டேட்டர் பக்கப் புஷ் இப்படி ஏற்றியதும் ஷாஃப்ட் விரலால் சுழற்றும் இலகுவில் உட்காருகிறது. பினியன் பக்கப் புஷ்ஷின் வெளிவிட்டம் சற்றுத் தாராளம். மூடியின் துளையை சுத்தம் செய்து விளிம்பின் பிசிறை எடுக்காமல் அழுத்தினால் கோணலாகப் போகும் அபாயம் உண்டு. வெர்னியரால் பழைய புஷ்ஷையும் புதியதையும் பக்கத்தில் வைத்து அளந்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய புஷ்ஷை எடுக்க, தகுந்த அளவு டேப்பை (மரை வெட்டும் கருவி) நேராகத் திருகி ஏற்றி, டேப்போடு சேர்த்து இழுப்பது சுத்தமான வழி.

பினியன் பக்க மூடியைக் கழற்ற முதலில் பெண்டிக்ஸ் சாமான் ஷாஃப்ட்டிலிருந்து வர வேண்டும். தலைவில்லை அழுத்திப் பிடித்துக்கொண்டு வளையத்தை எடுக்கும் வேலை அது. அதற்கான அழுத்தியை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் வளையம் எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. இங்கே ஒவ்வொரு வாஷரும் எந்த வரிசையில், எந்த முகம் எந்தப் பக்கம் என்று படம் எடுத்து வையுங்கள். வரிசை மாறினால் பினியன் ஓய்வில் இருக்கும் இடமே மாறிவிடும்.

பெண்டிக்ஸைக் கழற்றிய கையோடு மண்ணெண்ணெயில் கழுவி உலர விடுங்கள். திருகு ஸ்லீவில் எண்ணெயோ கிரீஸோ போட வேண்டாம். கிளட்ச் தூள் அதில் ஒட்டிக் களிம்பாகி, பினியன் நகராமல் நிற்கும். எம்ஜிபி-யின் மூன்று பேரிங் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது, எண்ணெயைத் திருப்பியனுப்பும் திருகு வரி மட்டும்தான். தேய்ந்த எஞ்சினில் அங்கிருந்து கசியும் எண்ணெயும் இதே வேலையைச் செய்யும். பினியன் அடிக்கடி ஒட்டினால் குறை மோட்டாரில் இல்லை.

திரும்பக் கூட்டும்போது பிரஷ்ஷைத் தூக்கி, வில்லைப் பிரஷ்ஷின் பக்கவாட்டில் சாய்த்துத் தொங்க விடுங்கள். மூடி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாகக் கொக்கிக் கம்பியால் வில்லை பிரஷ்ஷின் தலைக்கு நகர்த்தினால் 'டப்' என்று இறங்கும். நான்கும் இறங்கியதைக் கண்ணால் பாருங்கள். பின்னல் கம்பி வில்லுக்கு அடியில் மாட்டக் கூடாது, மூடும் பட்டையையும் தொடக் கூடாது.

வண்டியில் ஏற்றுமுன் மோட்டாரை வைஸில் இறுகப் பிடித்து, தடித்த ஜம்பர் கேபிளால் ஓட்டிப் பாருங்கள். கையில் பிடித்துக்கொண்டு ஓட்டவே கூடாது. தொடக்க உதறல் மணிக்கட்டை முறிக்கும். எம்418ஜி சுமையில்லாமல் நிமிடத்துக்கு 7,400 முதல் 8,500 சுற்று வரை ஓடும்போது 45 ஆம்பியர் அளவில் எடுக்க வேண்டும். வேகம் குறைந்து ஆம்பியர் ஏறினால் எங்கோ இறுக்கம், பெரும்பாலும் கோணிய புஷ். வேகமும் குறைவு, ஆம்பியரும் குறைவு என்றால் பற்றவைத்த இடத்தில் தடை. சில நொடிகள் போதும். சீரிஸ் மோட்டாரைச் சுமையில்லாமல் நெடுநேரம் விட்டால் வேகம் கட்டுமீறும்.

யாருக்கு இந்தக் கிட்? ஆர்மேச்சரும் ஃபீல்டு காயிலும் நல்ல நிலையிலிருந்து, சத்தமும் மந்தமும் மட்டும் உள்ள மோட்டாருக்கு இதைவிடச் சரியான செலவு இல்லை. வண்டியோடு பிறந்த மோட்டாரைக் காப்பாற்றிக்கொள்ள விரும்புவோருக்கும் அப்படியே. கியர் குறைப்பு வைத்த நவீன மாற்று மோட்டார் எடை குறைவு, இழுவையும் அதிகம் என்பது உண்மை. ஆனால் தினமும் ஓட்டும் வண்டிக்கு அது பொருந்தும் அளவுக்கு, பழைய உருவிலேயே நிறுத்திவைக்கும் வண்டிக்குப் பொருந்தாது. 100 வாட் அயர்னும் புஷ் ஏற்றும் தடியும் இல்லாதவர் கிட்டை மட்டும் வாங்கி, பற்றவைப்பையும் புஷ் வேலையையும் மோட்டார் வைண்டிங் பட்டறையில் கொடுக்கலாம். ரீமர் விடக் கூடாது, 24 மணி நேரம் ஊற வைத்துத்தான் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லிக் கொடுங்கள்.

மாட்டும்போது ரிங் கியரையும் (பினியன் கடிக்கும் எஞ்சின் பக்கப் பெரிய பல்சக்கரம்) ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது ஏறத்தாழ ஒரே இரண்டு இடங்களில்தான் நிற்கும், பற்கள் தேய்வதும் அந்த இரண்டு இடங்களில்தான். அங்கே பல் கூம்பியிருந்தால் புதிய பிரஷ் தரும் கூடுதல் வேகம் அதை இன்னும் உடைக்கும். பிறகு மோட்டாரின் முகத்திலும் எஞ்சின் தட்டிலும் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரிய வைத்துவிட்டு இரண்டு போல்ட்டையும் முறுக்குங்கள். இந்த மோட்டாருக்கு எர்த் கம்பி தனியாகக் கிடையாது, அந்த முகம் வழியாகத்தான் முழு மின்னோட்டமும் திரும்புகிறது.